கேம் வாங்கினால் காசு யாருக்குப் போகிறது?

மத்திகிரி, ஓசூர் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் பாடம் நடத்திச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவில் ஆள் கூடக் கூட விலை கூடும், விளைவித்தவர் கைக்குப் போவது குறையும். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றி அனுப்புகிற வீட்டில் பிறந்த பையனுக்கு, கமிஷன் என்றால் என்ன என்பது பி.காம். முதல் வருஷப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே தெரியும். ஓசூர் உழவர் சந்தையில் காலை நேரத்தில் அத்தனை கூட்டம் நிற்பதற்கும் இதுதான் காரணம். தரகர் இல்லை, விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

சரி, இதே கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு கம்ப்யூட்டர் கேம் மேல் வைத்தால் என்ன ஆகும்? கேமைச் செய்தவரிடமே நேராக வாங்குவதா, ஸ்டீம் மாதிரி ஓர் ஆன்லைன் கடையில் வாங்குவதா? 'இதில் என்ன யோசனை, செய்தவரிடமே வாங்கு, தரகனை ஒழி' என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் விஷயம் அத்தனை சுலபமாக முடிகிற மாதிரி இல்லை.

முதலில் கணக்கு

ஒரு கேமின் விலை 590 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம். அதாவது 500 ரூபாய் கேமுக்கு, 90 ரூபாய் அரசாங்கத்துக்கு.

அந்த 500-ல் ஸ்டீம் கடை 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 150 ரூபாய் போக, செய்தவர் கைக்கு வருவது 350. (ஒரு கேமின் வசூல் 1 கோடி டாலரைத் தாண்டினால் கமிஷன் 25 சதவீதம், 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதம் என்று 2018-ல் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். பெரிய ஆளுக்குக் குறைந்த கமிஷன், சின்ன ஆளுக்கு முழுக் கமிஷன். மொத்த வியாபாரத்துக்குத் தள்ளுபடி என்கிற பழைய கதைதான்!)

2018 டிசம்பரில் போட்டிக்கு வந்த எபிக் கடை 12 சதவீதம் போதும் என்றது. அங்கே விற்றால் செய்தவருக்கு 440 ரூபாய். 2025 ஜூன் முதல் இன்னும் ஒரு படி இறங்கி, ஒரு கேமுக்கு வருஷத்தில் முதல் 10 லட்சம் டாலர் வரை கமிஷனே வேண்டாம் என்றும் அறிவித்தது. 2013-ல் தொடங்கிய இட்ச்.ஐஓ என்கிற கடையில் கதையே வேறு. கடைக்கு எத்தனை சதவீதம் என்பதை விற்பவரே முடிவு செய்யலாம். எதையும் மாற்றாமல் விட்டால் 10 சதவீதம். பூஜ்யம் என்று போட்டாலும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இப்போது நேர் விற்பனை. செய்தவர் தன் இணையதளத்திலேயே விற்கிறார். பணம் வாங்கித்தரும் 'பேமெண்ட் கேட்வே' நிறுவனத்துக்கு 2 சதவீதம் என்று வைத்தால், 590-க்கு 11 ரூபாய் 80 பைசா. அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்த்துச் சுமார் 14 ரூபாய். கையில் நிற்பது 486. ஸ்டீமில் விற்பதைவிட 136 ரூபாய் அதிகம்!

இங்கேதான் பலரும் கணக்கை மூடிவிடுகிறார்கள். இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது.

ஸ்டீமில் 1000 பிரதி விற்றால் செய்தவருக்கு 3,50,000 ரூபாய். அதே தொகையை நேர் விற்பனையில் எடுக்க சுமார் 720 பிரதி விற்றால் போதும். திருப்பிப் பார்த்தால், கடையில் வாங்கியிருக்கக்கூடிய ஆயிரம் பேரில் 280 பேருக்கு மேல் அவருடைய இணையதளம் வரை வராமல் போய்விட்டால், 30 சதவீதம் பிடுங்கிக்கொண்ட கடையே அவருக்கு லாபம். பெயர் தெரியாத ஒருவர் செய்த முதல் கேம் என்றால், 280 பேர் என்ன, 900 பேர் வராமல் போவார்கள். கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பக்கம் கண்ணில் படாது. லாபம் என்பது ஒரு பிரதிக்குக் கிடைப்பதை எத்தனை பிரதி என்பதால் பெருக்கியது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். கோபம் வந்தால் மறந்துபோகிறது.

நேர் விற்பனை புதுசா?

இல்லவே இல்லை. உண்மையில் பழசு அதுதான். 1993 டிசம்பரில் 'டூம்' வந்தபோது முதல் பகுதியை யார் வேண்டுமானாலும் இலவசமாக நகல் எடுத்து விளையாடலாம். பிடித்திருந்தால் மீதிப் பகுதிகளைச் செய்தவர்களிடமே பணம் கட்டி வரவழைத்துக்கொள்ள வேண்டும். கடையே தேவைப்படவில்லை, கேமே கடை.

அடுத்து 'மைன்கிராஃப்ட்'. சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009-ல் பாதி முடிந்த கேமைத் தன் தளத்திலேயே விற்க ஆரம்பித்தார். லட்சக்கணக்கில் ஜனங்கள் நேராக வந்து வாங்கினார்கள். 2014-ல் மைக்ரோசாஃப்ட் அவருடைய கம்பெனியை 250 கோடி டாலருக்கு வாங்கியது. நேர் விற்பனைக்கு இதைவிடப் பெரிய வெற்றிக் கதை கிடைக்காது. ஆனால் அந்தக் கதையின் நடுவில் ஒரு திருப்பம் உண்டு. 2010 செப்டம்பரில், அவருக்கு வரும் பணத்தைக் கையாண்டுகொண்டிருந்த பேபால் நிறுவனம் அவருடைய கணக்கை முடக்கி வைத்தது. உள்ளே 6 லட்சம் யூரோவுக்கு மேல் இருந்தது! கடைக்காரர் யாரும் இல்லாத வியாபாரத்திலும் கல்லாவின் சாவி வேறொருவர் கையில்தான் இருந்தது.

இன்னொரு வேடிக்கை, ஸ்டீமே ஒரு காலத்தில் நேர் விற்பனைதான். 2003-ல் வால்வ் என்கிற கேம் கம்பெனி, தன் சொந்தக் கேம்களை அப்டேட் செய்வதற்காகத்தான் அதை ஆரம்பித்தது. 2004-ல் தன் 'ஹாஃப் லைஃப் 2' கேமை அதன் வழியாகவே விற்றது. 2005-ல்தான் மற்றவர்களின் கேம்களும் உள்ளே வந்தன. தன் காய்களை விற்கக் கடை போட்ட விவசாயி, பக்கத்துக் காட்டுக்காரர்களின் சரக்கையும் வாங்கி வைத்து, கடைசியில் மண்டிக்காரர் ஆன கதை இது.

சந்தை என்றால் சும்மாவா?

'உழவர் சந்தையில் மட்டும் தரகர் இல்லாமல் எப்படி நடக்கிறது?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் அரசாங்கம் என்னென்ன செய்தது என்று பாருங்கள். இடம் கொடுத்தது, கூரை போட்டது, தராசு கொடுத்தது. விற்பவர் உண்மையான விவசாயிதான் என்று காட்ட போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுத்தது. அன்றன்றைக்கு விலையை முடிவு செய்து போர்டில் எழுதி வைத்தது. இத்தனைக்கும் விவசாயியிடம் கட்டணம் கேட்கவில்லை.

தரகர் பார்த்த வேலைகள் எதுவும் மறைந்து போகவில்லை. அந்த வேலைகளை அரசாங்கம் தலையில் போட்டுக்கொண்டது, அதற்கான செலவு வரிப்பணத்தில் போகிறது. கேம் உலகத்தில் அப்படி ஒரு அரசாங்கச் சந்தை கிடையாது. அங்கே இடம், தராசு, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் காசு கொடுத்தாக வேண்டும். கடையில் விற்றால் அந்த 150 ரூபாய். நேராக விற்றால் செய்தவரின் நேரமும் தூக்கமும்.

வெண்பா ஓசூருக்கு வந்த வழி

இதற்குத் தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. கனடாவின் டொரன்டோவில் 'விசை கேம்ஸ்' என்று ஒரு சின்ன நிறுவனம். 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டார்கள். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே அழிந்து கிடக்கிறது. அதைப் புரிந்துகொண்டு இட்லி முதல் பிரியாணி வரை சமைக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, கார் ரேஸ் இல்லை, இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதுதான் விளையாட்டு! 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் கேமுக்கான பரிசு அதற்குத்தான்.

அந்தக் கேம் ஸ்டீம், நின்டெண்டோ, எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கடைகள் வழியாக உலகம் முழுக்கப் போனது. அந்தச் சின்னக் குழு, மத்திகிரியில் இருக்கும் ஒரு காலேஜ் பையனுக்குத் தன் தளத்திலிருந்தே நேராக விற்க நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதல் தொல்லை வரி. வெளிநாட்டிலிருந்து இந்தியாவில் இருக்கும் சாதாரண நுகர்வோருக்கு இணையம் வழியாக டிஜிட்டல் சரக்கு விற்பவர், இந்தியாவில் ஜி.எஸ்.டி. பதிவு செய்து வரி கட்டவேண்டும். உள்ளூரில் சேவைத் தொழில் செய்பவருக்குப் பொதுவாக வருஷம் 20 லட்ச ரூபாய் வரை பதிவு தேவையில்லை என்று ஒரு வரம்பு இருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளருக்கு அந்த வரம்பே கிடையாது. ஒரே ஒரு பிரதி விற்றாலும் சட்டப்படி கடமை கடமைதான். கடை வழியாக விற்றால் இந்தத் தலைவலி கடைக்காரருடையது. இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம் என்று எண்ணிப் பாருங்கள். இட்லி செய்யும் கேமை விட்டுவிட்டு ஆடிட்டர் ஆபீஸ்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது தொல்லை பையனின் கார்டு. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரும் டெபிட் கார்டுகள் உள்நாட்டில் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வேண்டுமென்றால் கார்டு வைத்திருப்பவரே கேட்டுத் திறக்கவேண்டும். டாலரில் வாங்கினால் வங்கியின் மாற்றுக் கட்டணம் வேறு. ஸ்டீம் 2015-லேயே ரூபாயில் விலை போட ஆரம்பித்துவிட்டது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அப்பாவின் கார்டை வாங்கி, 'வெளிநாட்டுச் செலவைத் திறந்துவிடுங்கப்பா' என்று கேட்டுப் பார்த்த பையன்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள். சின்னப் பட்டறையில் செய்த உதிரி பாகம் பெரிய கம்பெனி வண்டியில் ஏறிப் போகிறது. செய்தவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஆனால் வண்டி நின்றுபோனால் வாங்கியவர் போய் நிற்பது ஷோரூம் வாசலில். அங்கே பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆளின் சம்பளமும் வண்டி விலைக்குள்தான் இருக்கிறது.

ஸ்டீமில் 2015 ஜூனிலிருந்து, வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் கேட்காமல் பணம் திரும்பக் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மாணவனுக்கு இது பெரிய ஆறுதல். கேம் ஓடுகிறதா, திக்கித் திணறுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தனி ஆளாக விற்பவர் இப்படித் திருப்பித் தருவாரா என்பது அவருடைய மனசைப் பொறுத்தது. பல பேர் தங்கமாக நடந்துகொள்கிறார்கள், மெயில் போட்டால் கேமைச் செய்தவரே பதில் எழுதுகிறார். எந்தக் கடையிலும் கிடைக்காத சுகம் அது. சில பேரிடமிருந்து பதிலே வராது.

மூன்றாவது ஆள்

நேராகவும் வேண்டாம், கடையிலும் வேண்டாம், சல்லிசாகக் கிடைக்கிறதே என்று சிலர் 'கீ' விற்கும் தளங்களுக்குப் போகிறார்கள். கேமைத் திறக்கும் எழுத்தெண் சரத்தை யார் யாரோ அங்கே விற்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது? சில சமயம் இப்படி: திருடன் ஒருவன், திருட்டு கார்டு எண்ணை வைத்து, கேம் செய்தவரின் சொந்தத் தளத்தில் கீ வாங்குகிறான். அதைப் பாதி விலைக்கு விற்றுக் காசாக்குகிறான். கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்ததும், வங்கி அந்தப் பணத்தைக் கேம் செய்தவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அபராதக் கட்டணமும் உண்டு. கேமும் போச்சு, காசும் போச்சு, கையிலிருந்து அபராதமும் போச்சு.

இது கற்பனை இல்லை. 'ஃபேக்டோரியோ' கேமைச் செய்த ஊப் என்கிற செக் நாட்டு நிறுவனம் தன் தளத்தில் நேராக விற்று இப்படி அடிபட்டது. கடைசியில் 2020-ல், திருடப்பட்ட 198 கீகள் தன் சந்தையில் விற்றதை ஜி2ஏ நிறுவனம் ஒப்புக்கொண்டு 39,600 டாலர் கொடுத்தது. நேர் விற்பனைக் கடையின் கதவைப் பாதுகாக்கும் செலவு எவ்வளவு என்று இதில் தெரிகிறது. 100 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் செய்தவரின் பாக்கெட்டிலிருந்தே எடுக்கும் வேலை இது. அதற்குக் கடையில் தள்ளுபடி வரும்வரை காத்திருக்கலாம்.

கடைக்காரரே ரோட்டுக்கும் சொந்தக்காரர் ஆனால்?

இவ்வளவு படித்துவிட்டு 'அப்படியானால் கடைக்காரர்கள் எல்லாம் புண்ணியவான்களா?' என்று கேட்டால், அதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு கடை பிடிக்கவில்லை என்றால் இன்னொரு கடைக்கோ, செய்தவரின் தளத்துக்கோ போகலாம். போனில் அந்தச் சுதந்திரம் குறைவு. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25 அன்று கூகுளின் பிளே ஸ்டோர் பில்லிங் முறைக்காக 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. (2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.)

சென்னையில் இருக்கும் மேட்ரிமோனி.காம் நிறுவனம் இந்தக் கமிஷனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது. 2024 மார்ச் 1 அன்று கூகுள், கட்டணம் கட்டவில்லை என்று சில இந்திய நிறுவனங்களின் ஆப்களைக் கடையிலிருந்து தூக்கியது. பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்ப வந்தன. கேம் இல்லை, கல்யாண ஆப்தான். ஆனால் கேம் செய்பவருக்கும் அதே வாசல், அதே வாசற்காவலர். அத்தனை பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமை என்றால், மூன்று பேர் சேர்ந்து செய்த கேமுக்கு யார் தலையிடப் போகிறார்கள்?

கடையின் கமிஷன் நியாயமா அநியாயமா என்பதை அதன் சதவீதம் மட்டும் சொல்லாது. வேறு வழி திறந்திருக்கிறதா என்பதுதான் சொல்லும். எபிக் 12 சதவீதத்துக்கு வந்ததும் இட்ச்.ஐஓ பூஜ்யத்துக்குச் சம்மதிப்பதும் கம்ப்யூட்டரில் பக்கத்துக் கதவு திறந்திருப்பதால்தான்.

வாங்கியது சொந்தமா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கும்போது கிடைப்பது கேமைப் பயன்படுத்த அனுமதி மட்டும்தான். கலிஃபோர்னியாவில் வந்த ஒரு சட்டத்தை ஒட்டி 2024 அக்டோபரில் ஸ்டீம் இதைப் பணம் கட்டும் இடத்திலேயே எழுதி வைக்க ஆரம்பித்தது. யுபிசாஃப்ட் தன் 'தி குரூ' என்ற கார் கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை விளையாட முடியாமல் போனது. ஜி.ஓ.ஜி. கடையிலும், நேராக விற்கும் பலரிடமும் இன்ஸ்டாலர் ஃபைலே கையில் கிடைக்கும். பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளலாம். அது பெரிய லாபம். ஆனால் பென் டிரைவ் தொலைந்து, செய்தவரின் தளமும் மூடிவிட்டால் அழுது பயனில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது?

ஒரு நடுவழி இருக்கிறது. ஸ்டீமில் கேம் வைத்திருப்பவர், அதற்கான கீகளை ஸ்டீமிடமிருந்து இலவசமாக வாங்கித் தன் தளத்தில் தானே விற்கலாம். அந்த விற்பனையில் ஸ்டீம் கமிஷன் எடுப்பதில்லை. ஸ்டீமில் வாங்குபவரை ஏமாற்றும் விலையில் விற்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. வாங்குபவருக்கு டவுன்லோடும் அப்டேட்டும் கடையிலிருந்து, காசு பெரும்பாலும் செய்தவருக்கு. பணம் திரும்ப வேண்டுமென்றால் மட்டும் செய்தவரைத்தான் கேட்கவேண்டும்.

ஆகவே ஒரு கேம் பிடித்துப்போனால், 'வாங்கு' என்கிற பட்டனை அமுக்குவதற்கு முன் இரண்டு நிமிஷம் செலவு செய்து, செய்தவரின் சொந்தத் தளத்தைத் தேடிப் பாருங்கள். அங்கே அவரே விற்கிறாரா, ரூபாயோ யு.பி.ஐ.யோ எடுக்கிறாரா, பணம் திரும்பத் தருவது பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அங்கேயே வாங்குங்கள். அந்த 136 ரூபாய் ஒரு பெரிய கம்பெனிக்குத் தூசு. வாடகை வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷமாக ஒரே கேமைச் செய்துகொண்டிருப்பவருக்கு, ஆயிரம் பேர் சேர்ந்தால் 1,36,000 ரூபாய். அடுத்த கேமை ஆரம்பிப்பதா, வேறு வேலை தேடுவதா என்பதை அந்தத் தொகை முடிவு செய்யலாம்.

அவர் நேராக விற்கவில்லை என்றால், அல்லது அந்தத் தளத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தால், குற்ற உணர்ச்சி இல்லாமல் கடையில் வாங்குங்கள். விளையாடி முடித்ததும் அங்கேயே நாலு வரி விமர்சனம் எழுதிவிட்டு வாருங்கள். பெயர் தெரியாத ஒருவரின் கேமை அடுத்த ஆள் நம்பி வாங்குவதற்கு அந்த நாலு வரி உதவும். அதற்குக் கமிஷன் யாரும் பிடிப்பதில்லை.